சுண்டுவிரல் சோதனை

எனக்குப் பேய்க்கதை சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்தது துப்பாக்கி, எங்கள் பேச்சில் துவக்கு. நாலு வருடம் முறையாகப் பயிற்சி எடுத்து, பேர்ன் நகரில் ஒரு துவக்குக் கடையின் பின்னறையில் வேலை செய்கிறேன். பழுது பார்ப்பேன், பழைய துவக்குகளுக்கு விலை மதிப்பிடுவேன். இந்த நாட்டில் ஒரு கிழவர் இறந்தால் அலுமாரிக்குப் பின்னாலோ நிலவறையிலோ ஒன்றிரண்டு துவக்கு கட்டாயம் கிடைக்கும். பிள்ளைகளுக்கு அதைத் தொடப் பயம். கடைக்கு அழைப்பார்கள், நான் போவேன். கதவைத் திறந்து என்னைக் கண்டதும், துப்புரவுக்கு வந்தவள் என்று நினைத்து வாளி இருக்கும் இடத்தைக் காட்டியவர்களும் உண்டு. அதற்கெல்லாம் நான் இப்போது கோபப்படுவதில்லை. அவர்கள் கோப்பி தந்தால் வேண்டாம் என்பேன், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இந்த வேலை அறவே பிடிக்காது. கோயிலில் யாராவது ஜெனனி என்ன செய்கிறாள் என்று கேட்டால், "கடையில நிக்கிறாள்" என்பார். என்ன கடை என்று சொல்லமாட்டார்.

ஆகவே ஒரு தமிழ் வீட்டிலிருந்து அழைப்பு வந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அழைத்தவர் சிறி அண்ணை. முழுப்பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா. ஓஸ்டர்முண்டிகனில் வாடகைக்கு இருந்து, மருத்துவமனைச் சமையலறையில் வருடக்கணக்காக உழைத்து, எம்மென்டால் பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் பழைய வீடொன்றை வாங்கியிருந்தார். அங்கே இருந்து இறந்துபோன கிழவரின் சொந்தக்காரர்கள் வீட்டை உள்ளிருந்த சாமான்களோடு அப்படியே விற்றுவிட்டார்கள். நிலவறையை ஒதுக்கும்போது, சிறி அண்ணையின் மனைவி தில்லைநாயகி அக்கா ஒரு பலகைப் பெட்டியைத் திறந்திருக்கிறார். உள்ளே மூன்று துவக்குகள் இருந்திருக்கின்றன.

வேறு யாராயிருந்தாலும் பொலிசுக்குச் சொல்லியிருப்பார்கள். இவர்கள் சொல்லவில்லை. இருவரிடமும் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. அந்தக் கடவுச்சீட்டோடு இங்கே துவக்கு வைத்திருக்க முடியாது. சட்டத்திலேயே நாட்டின் பெயர் போட்டு எழுதியிருக்கிறது. அதைவிட, வருகிற வியாழக்கிழமை பின்னேரம் இருவருக்கும் ஊர்ச்சபையில் சுவிஸ் குடியுரிமை நேர்காணல். அந்த நேரம் பார்த்து வீட்டு வாசலில் பொலிஸ் வாகனம் நின்றால் கிராமம் என்ன நினைக்கும் என்று சிறி அண்ணை பயந்தார். அந்தப் பயம் எனக்கு நன்றாகவே தெரியும். என் அப்பாவும் அப்படித்தான் பயந்து பயந்து இந்த நாட்டில் நரைத்தார்.

"தங்கச்சி, உதைக் கெதியா வந்து எடுத்துக்கொண்டு போங்கோ. ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

என்னிடம் அனுமதி இருக்கிறது, நான் எடுத்தால் சட்டப்படியே எடுத்ததாகும், யோசிக்க வேண்டாம் என்றேன். சனிக்கிழமை மத்தியானம் போனேன்.

கார்த்திகை மாதப் புகார், கண்ணை மறைக்கும் மூடுபனி. மத்தியானத்திலேயே கார் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டினேன். வீடு ஒரு மேட்டில், கூரை தாழ்ந்து, மரம் கறுத்துப்போய் நின்றது. தில்லை அக்கா வாசலிலேயே காத்திருந்தார். நாற்பது வயது தாண்டியவர், வாய் ஓயாத மனிசி. சப்பாத்தைக் கழற்ற முன்பே வீட்டின் விலையையும், கூரை ஒழுக்கையும், பக்கத்து வீட்டு மாட்டையும் பற்றிச் சொல்லி முடித்துவிட்டார். நேர்காணலில் எந்த ஆறு, எந்த மலை என்று கேட்பார்களாம். பாடமாக்கியதை எனக்கு ஒப்பித்தும் காட்டினார். எனக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துவிட்டது. எனக்குச் சட்டென்று ஆட்களைப் பிடிப்பதில்லை.

நிலவறைக்கு இறங்கும் படி செங்குத்தாக இருந்தது. கீழே ஈரக்கல் மணம், பழைய எண்ணெய் மணம். ஒரேயொரு மங்கல் பல்ப். சுவரோரம் ஒரு நீள மேசை. அதில் துவக்கு ரவை, அதாவது தோட்டா, நிரப்பும் கருவிகள் எல்லாம் தூசியோடு நின்றன. சில சுடுவீரர்கள் கடையில் ரவை வாங்கமாட்டார்கள். சுட்டு முடித்த வெற்றுக்கோதைப் பொறுக்கி, மருந்தை நிறுத்துப் போட்டு, நுனியில் புது ஈயச் சன்னம் வைத்து, கைப்பிடி உள்ள ஒரு பிரஸ்ஸில் அழுத்தித் தாங்களே செய்வார்கள். அக்கா அதை முறுக்கு உரல் என்று நினைத்துக் கழுவி எடுக்கப் பார்த்தாராம். நல்ல காலம், கழுவவில்லை.

மேசையில் ஒரு சின்னச் சிவப்புப் போத்தலும் இருந்தது. ரவைக்குள் ஈரம் புகாதபடி அடியில் பூசும் பூச்சு. நான் திருப்பிப் பார்த்தேன். உள்ளே எல்லாம் கல்லாகக் காய்ந்திருந்தது.

அக்கா தேநீர் போட மேலே போனார். அண்ணையும் குளிர் தாங்காமல் பின்னால் போய்விட்டார். நான் வேலையைத் தொடங்கினேன்.

இங்கே எந்தச் சுடுதளத்திலும் ஒரு வழக்கம் உண்டு. சுட்டு முடிந்ததும், குழலின் பின்புறத்தை மூடும் பூட்டைத் திறந்து துவக்கை நீட்ட வேண்டும். பொறுப்பாளர் குனிந்து உள்ளே பார்ப்பார். பழைய ஆட்கள் கண்ணை மட்டும் நம்பமாட்டார்கள். ரவை இருக்கும் அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். அவர் நல்லது, போகலாம் என்று சொன்ன பிறகுதான் அந்த இடத்தை விட்டு நகரலாம். தன் துவக்கைத் தானே பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னால் செல்லாது. இன்னொருவர் சொல்ல வேண்டும். இதைப் படிக்கிற உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்களுக்கு இதுதான் எல்லாம்.

முதல் இரண்டு துவக்கும் துருப்பிடித்த சாதாரணச் சாமான். மூன்றாவது, நூறு வருடத்துக்கு மேல் பழைய, நீளக்குழல் ராணுவத் துவக்கு. பூட்டை நேராகப் பின்னுக்கு இழுத்துத் திறக்கும் வகை. எண்ணெய் போட்டு, துடைத்து, நேற்றுத்தான் யாரோ வைத்ததுபோல இருந்தது. குழலிலும் பூட்டிலும் ஒரே இலக்கம். நல்ல விலை போகும் என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன்.

பூட்டைத் திறந்தேன். டோர்ச் அடித்தேன். அறை வெறுமையாக மினுங்கியது. வழக்கப்படி சுண்டுவிரலை உள்ளே விட்டேன்.

உள்ளே ஒரு விரல் நுனி இருந்தது.

குளிர்ந்த, மெத்தென்ற விரல் நுனி. அது என் விரலைத் தொட்டு, நின்று, மெல்லத் தடவியது.

கையை இழுத்துக்கொண்டேன். மற்றப் பக்கமிருந்து அங்கே ஒரு விரல் வரவே முடியாது. அந்தக் குழலுக்குள் ஒரு பென்சில் போவதே சிரமம். துடைத்த துணித் துண்டு ஏதாவது அடைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி டோர்ச் அடித்துப் பார்த்தேன். குழல் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை தெளிவாகத் தெரிந்தது. துணியும் இல்லை, தூசியும் இல்லை.

பூட்டைத் திறந்தபடியே துவக்கைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, மேசைப் பக்கம் திரும்பி என் பையைத் தேடினேன். அப்போது பிரஸ்ஸின் கைப்பிடி இறங்கி ஏறும் சத்தம் கேட்டது. கறக், டக். அந்தச் சத்தத்தை நான் தூக்கத்திலும் அறிவேன். என் கண் முன்னாலேயே பிரஸ் இருந்தது. கைப்பிடியில் தூசி கலையவில்லை.

திரும்பினேன்.

துவக்கின் பூட்டு மூடியிருந்தது.

மெல்லப் போய்ப் பூட்டை இழுத்தேன். ஒரு ரவை துள்ளிக் கல்தரையில் விழுந்து உருண்டது. எடுத்துப் பார்த்தேன். கையால் நிரப்பிய ரவை. அடியில் சிவப்பு வளையம் பூசியிருந்தது. என் பெருவிரலில் அது ஒட்டியது. பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது, நகப்பூச்சு மணத்தது.

நான் அலறவில்லை. பயம் வரவேண்டிய இடத்தில் வேலை வந்து நின்றது. ரவையை அப்பால் வைத்தேன். பூட்டை மூடினேன், திறந்தேன். இன்னொரு ரவை விழுந்தது. மறுபடி. மறுபடி. ரவைகளை அடுக்கும் கூட்டை முதலே கழற்றி மேசையில் வைத்திருந்தேன். ரவை எங்கிருந்து வரும்? கடைசியில் பூட்டையே முழுதாகக் கழற்றி ஜக்கெற் பைக்குள் போட்டுக்கொண்டேன். டோர்ச் அடித்தால் அறைக்குள் ஒரு ரவை உட்கார்ந்திருந்தது. அதன் அடி ஈரச் சிவப்பில் மினுங்கியது. கம்பியால் தட்டி அதையும் வெளியே எடுத்துவிட்டு, ஏன் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது, விரலை மறுபடி உள்ளே விட்டேன்.

இந்த முறை அது என் விரலை விடவில்லை.

இழுத்தெடுத்தபோது சுண்டுவிரல் விறைத்திருந்தது. கிள்ளிப் பார்த்தேன். நகத்தை அழுத்திப் பார்த்தேன். வேறு யாருடையதோ விரல்போல இருந்தது.

அதற்குள் அண்ணை தேநீரோடு இறங்கி வந்தார். தரையெல்லாம் ரவை. என் முகத்தையும் பார்த்தார். நான் சுற்றிவளைக்கவில்லை. ரவை உள்ள துவக்கைக் காரில் ஏற்ற எனக்கு உரிமையில்லை, இது வெறுமையாகாமல் இருக்கிறது, பொலிசைக் கூப்பிடத்தான் வேண்டும் என்றேன். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிசைந்தார். வியாழக்கிழமை மட்டும் போகட்டும் தங்கச்சி, உங்களைக் கும்பிட்டேன், என்ர மனிசி எவ்வளவு ஆசையாய் இருக்கிறாள் என்றார். மேலே அக்கா மலைகளின் பெயரைச் சத்தமாகப் பாடமாக்கிக்கொண்டிருப்பது கேட்டது.

அப்போதுதான் எனக்குச் சுடுதள வழக்கம் நினைவுக்கு வந்தது. இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் தனியாகத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்? அவர் தொட வேண்டாம், கண்ணால் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னால் போதும் என்றேன். துவக்கைத் தூக்கி நீட்டினேன்.

அவர் குனிந்தார். நான் செய்ததைப் படியில் வரும்போது கண்டிருக்க வேண்டும். நான் தடுப்பதற்குள் சுண்டுவிரலை உள்ளே விட்டார்.

வெகுநேரம் அப்படியே குனிந்து நின்றார்.

"ஒண்டும் இல்லை, தங்கச்சி."

பிறகு நிமிர்ந்து, என்னைப் பாராமல், எனக்குப் பின்னால் நிற்கிற யாருக்கோ சொல்வதுபோல இன்னொன்றும் சொன்னார். நல்லது, போகலாம் என்று. தனிப் பேர்ன் கிராமத்துப் பேச்சில், இழுத்து, ஒரு கிழவனின் தொண்டையில். சிறி அண்ணைக்கு ஜெர்மனே தட்டுத்தடுமாறித்தான் வரும்.

துவக்கு அதற்குப் பிறகு வெறுமையாகவே இருந்தது. நான் அதைக் கொண்டுவந்து கடையில் பூட்டி வைத்தேன். திங்கட்கிழமை பார்த்தேன், செவ்வாய் பார்த்தேன். ஒன்றுமில்லை.

என் முதலாளிக்கு அந்தக் கிராமத்தைத் தெரியும். இளவயதில் அங்கே போட்டிக்குச் சுடப் போனவர். அந்த வீட்டுக் கிழவரின் பெயர் கெர்பர் என்றார். சுடுதளத்தில் சோதிக்கிற பொறுப்பு அவருடையது. மகா கண்டிப்பான மனிதர், விரல் விட்டுப் பார்க்காமல் ஒருவரையும் வெளியே விடமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் துவக்கையே, நண்பர் ஒருவர் பார்க்க, சோதித்து, துவக்குகளைச் சாத்தும் மரச்சட்டத்தில் வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார். யாரோ கதிரையை இழுக்கும்போது சட்டம் சரிந்தது. கோப்பி பரிமாறிக்கொண்டு நின்ற அவர் மனைவியின் வாய்க்குள்ளால் சன்னம் போனது. கெர்பரே தன் கையால் நிரப்பிய ரவைதான். சாகும்வரை கெர்பர் ஒன்றையே சொன்னாராம்: நான் விரல் விட்டுப் பார்த்தேன், உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. ஒருவரும் நம்பவில்லை.

நான் நம்பினேன். அதை முதலாளியிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் தில்லை அக்கா தொலைபேசி எடுத்தார். சிரித்துக்கொண்டுதான் கதைத்தார். அண்ணைக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறதாம். கதவின் திறப்புத் துவாரம், கேத்தல் மூக்கு, குழாய் வாய் என்று கண்ட ஓட்டைக்குள் எல்லாம் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறாராம். நேர்காணல் பதட்டம் மனுசனை விசராக்கிப் போட்டுது என்றார். நானும் சிரித்தேன். சிரித்தபடியே வலக்கையை மேசை விளிம்பில் தட்டிப் பார்த்தேன். மோதிரவிரலும் மரத்துக்கொண்டு வந்தது.

புதன்கிழமை அவர் சிரிக்கவில்லை. வேலைக்குப் போகக் கிளம்பினால் அண்ணை வாசலில் மறித்து நிற்கிறாராம். ஆ காட்டு என்கிறாராம். வாய்க்குள் சுண்டுவிரலை விட்டு, நாக்குக்கு அடியில், கன்னத்தின் உள்ளே எல்லாம் தடவிப் பார்த்து, ஒன்றுமில்லை, போ என்று வழிவிடுகிறாராம். டொக்டரிடம் காட்டுவோம் என்றேன். நாளைக்கு நேர்காணல் முடியட்டும் என்றார். இப்போது டொக்டர், விசர், ஆஸ்பத்திரி என்று ஒரு கதை எழும்பினால் ஊர்ச்சபைக்கு எட்டாமல் விடுமா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் தலையிடிக்குக்கூட இரகசியமாகத்தான் மருந்து குடிப்பார்கள்.

வியாழன் காலை மறுபடி தொலைபேசி. குரல் அடங்கி, எங்கோ ஒதுங்கி நின்று கதைத்தார்.

"ஜெனனி, இண்டைக்கு இவர் 'இருக்கு' எண்டுறார். விடமாட்டனாம். நீங்கள் வாங்கோ."

போனேன். புகார் அன்றும் விலகவில்லை. அண்ணையே கதவைத் திறந்து, வாங்கோ தங்கச்சி என்று மரியாதையாகக் கூப்பிட்டார். கோட் சூட் போட்டு, தலை சீவி, பவுடர் பூசியிருந்தார். என்னை உள்ளே விட்டுவிட்டுக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். அக்கா நடையில் ஒரு கதிரையில் இருந்தார். நீலச் சேலை, மேலே குளிர்ச்சட்டை, மடியில் கைப்பை. அழுது முகம் வீங்கியிருந்தது.

அண்ணை என்னிடம் மிகத் தணிந்த குரலில் விளக்கினார். ரவை இருக்கிற நிலையில் ஒருவரையும் வெளியே விட முடியாது, உங்களுக்குத் தெரியாததா என்றார். கோபமே இல்லை. அந்தக் கண்களில் அண்ணை எங்கேயோ உள்ளே நின்று என்னைப் பார்ப்பதுபோல எனக்குத் தோன்றியது.

கத்திப் பார்க்கலாம், தள்ளிப் பார்க்கலாம். இரண்டும் பயனில்லை என்று தெரிந்தது. இன்னொருவர் பார்த்துச் சொன்னால் அவர் கேட்டே ஆக வேண்டும். அதுதான் வழக்கம். நான் அக்காவின் முன்னால் முழங்காலில் இருந்தேன். டோர்ச்சை எடுத்தேன். அவர் வாயைத் திறந்தார். பல், நாக்கு, அண்ணம், உள்நாக்கு. எல்லாம் ஒழுங்காக இருந்தன. பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டேன். அது ஐந்து நாளாக எதையும் உணராத விரல். அன்றைக்கும் எதையும் உணரவில்லை. இடக்கையால் பார்த்திருக்கலாம் என்று இப்போது எல்லோரும் சொல்லலாம். பத்து வருடப் பழக்கம் வலக்கையைத்தான் நீட்டியது.

"ஒண்டும் இல்லை, அண்ணை. நான் பாத்திட்டன்."

அவர் தலையாட்டினார். கதவை அகலத் திறந்தார்.

நேர்காணல் நன்றாக நடந்தது. அதை அக்காவே காருக்குள் இருந்து தொலைபேசியில் எனக்குச் சொன்னார். நான் அப்போது கடைப் பின்னறையில் இருந்தேன். மூன்று பேர் இருந்தார்களாம், எல்லாரும் நல்ல சனமாம். ஆறு கேட்டார்களாம், மலை கேட்டார்களாம், ஒன்றுக்கும் தடுமாறவில்லையாம். முடிவு கடிதத்தில் வரும், ஆனால் கவலைப்பட வேண்டாம் என்று சிரித்தே சொல்லிவிட்டார்களாம். அவர் சந்தோஷத்தில் மூச்சு விடாமல் கதைத்தார். எனக்கும் கண் கலங்கியது.

அந்தக் கதைக்கு நடுவில் ஒரு சத்தம் கேட்டது.

டிக்.

பித்தளை பல்லில் படும் சத்தம்.

ஒவ்வொரு வசனத்துக்கும் கேட்டது. நான் என் சுண்டுவிரலைப் பார்த்தேன். நகத்தின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ இருந்தது. பெருவிரலால் தொட்டேன். ஒட்டியது.

"அக்கா, வாயை மூடுங்கோ."

என்ன பிள்ளை என்றார். டிக்.

"மெல்ல மூடுங்கோ. அண்ணையின்ர பக்கம் திரும்பாதேங்கோ. நான் சொல்லுமட்டும் திறக்காதேங்கோ."

அக்கா மூடினார்.

இப்போது மாசி மாதம். தில்லை அக்கா இன்னும் திறக்கவில்லை.

மருத்துவமனையில், மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் சாப்பாடு கொடுக்கிறார்கள். குடியுரிமைக்குச் சபை சம்மதித்த கடிதமும் வந்துவிட்டது; யாரோ அதை அவர் கட்டில் சட்டத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அண்ணை ஒழுங்காக வேலைக்குப் போகிறார், வேலை முடிந்ததும் வந்து ஜன்னலோரம் நிற்கிறார், ஒருவரோடும் சண்டையில்லை. பழைய பழக்கங்களும் நின்றுவிட்டன. மனநல ஆட்கள் வந்து அக்காவிடம் கேள்வி கேட்டார்கள். அவர் எதற்கும் எழுதிக்கூடப் பதில் சொல்லவில்லை. நான் போனால் மட்டும் என் முகத்தைப் பார்ப்பார். திறக்கலாமா என்று கண்ணால் கேட்பார். நான் பொறுங்கோ அக்கா என்பேன். வேறென்ன சொல்வது? நல்லது, போகலாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவருடைய உதட்டோரத்தில் எப்போதும் கொஞ்சம் சிவப்பு கசிந்திருக்கும். தாதி துடைப்பாள். யார் இந்தப் பெண்ணுக்கு நகப்பூச்சைப் பூசுவது என்று என்னை ஒரு தரம் முறைத்தாள்.

இன்றைக்கு மத்தியானம் லக்சாயினி என்ற டொக்டர் வந்தார். இங்கே பிறந்த பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது, சிரித்த முகம். அக்காவின் தலையைத் தடவி, பயப்பிடாதேங்கோ என்று தமிழில் சொன்னார். தாடைத் தசை இறுகிவிட்டதாம், நாளைக் காலை மயக்க மருந்து கொடுத்துத் தானே திறப்பாராம். அண்ணை ஏற்கனவே சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

திறக்கும்போது அக்காவின் முகம் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று நான் கேட்டேன்.

"என்னைப் பாத்துத்தான். நான்தானே திறக்கிறன்."

பக்கத்தில் ஒதுங்கி நில்லுங்கள், தயவுசெய்து நேரே குனியாதீர்கள் என்று கெஞ்சினேன். அவருக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். என் தோளில் கை வைத்தார்.

"படமெல்லாம் எடுத்துப் பாத்திட்டன். உள்ளுக்கு ஒண்டும் இல்லை."

ஜன்னலோரம் நின்ற அண்ணை திரும்பினார். டொக்டரைப் பார்த்துத் தலையாட்டினார். கிழட்டுத் தொண்டையில், கிராமத்துப் பேச்சில், நல்லது, போகலாம் என்றார். போய் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். டொக்டர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணீர் காதுக்குள் ஓடியது. என் வலக்கையை இரண்டு கையாலும் நெரித்துப் பிடித்திருந்தார். குனிந்து பார்த்தபோதுதான் அவர் பிடித்திருப்பதே எனக்குத் தெரிந்தது; அந்தக் கையில் உணர்ச்சியே இல்லை.